இழை விடாத கத்திரிப் பாத்தி

இளம்பிள்ளை ஊர் மயிலம்மாளுக்குக் கத்திரிச் செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பிறந்ததும் தறிவீடு, வாழ்க்கைப்பட்டதும் தறிவீடு. விடிந்தால் ராட்டை, பொழுது சாய்ந்தால் ராட்டை. அவள் கையில் ஒட்டிய பச்சையெல்லாம் சாயப் பச்சைதான். ஆனாலும் தன் கையால் ஒரு செடியாவது வளர்த்துக் காய் பறித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை என்ன ஆசை, பைத்தியம்!

வீட்டுக்குப் பின்னால் இருந்த வெள்ளாமைக் காடு அத்தாயியுடையது. நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் காரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆடியில், காட்டோரம் பத்தடிக்குப் பத்தடி இடம் கேட்டு மயிலம்மாள் அவளிடம் போய் நின்றாள்.

"ஏனம்மிணி, நூல் சுத்தற கைக்கு மம்முட்டி எதுக்கு? சரி, வாய் தொறந்து கேட்டுட்டே. தைப் பொங்கலுக்குள்ள கொழம்புக்கு ஆவற மாதிரி ஒரு கூடை காய் காட்டு, எடம் உனக்கே இருக்கட்டும். இல்லீன்னா அங்க சோளத்தட்டுப் போர் போட்டுருவேன், ஆமா!"

மயிலம்மாள் கத்திரி நாற்று நட்டாள். ஒரு வாரத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தது. குடியானவர்கள் என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். இவள் நெசவுக்காரி ஆயிற்றே! தறியில் ஓர் இழை அறுந்தால் அந்த நிமிஷமே முடிச்சுப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சேலை நெடுகக் கோடு விழும். காலியிடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது. மிச்ச நாற்றும் இல்லை. அஞ்சறைப்பெட்டிக் கொத்தமல்லியை ஒரு குழியில் போட்டாள். அடுத்த குழியில், அடுக்களையில் முளைவிட்டுக் கிடந்த சின்ன வெங்காயம். அப்புறம் கோயில் மாலையில் காய்ந்துபோன துலுக்கச் சாமந்தியை உதிர்த்து அதன் விதை. எல்லாம் முளைத்து எழுந்தபோது பாத்தியில் விரல் வைக்க இடமில்லை.

அத்தாயி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது பாத்தியா, பஞ்சாமிருதமா? செடி மூச்சு உட எடம் வேண்டாமா?"

"எடம் உட்டா எழை அறுந்தாப்பல இருக்குதுங்க அக்கா. மனசு கேக்க மாட்டேங்குதுங்க."

கார்த்திகையில் புழு இறங்கியது. அத்தாயியின் அரை ஏக்கர் கத்திரியிலும் குருத்தெல்லாம் வாடித் தொங்கியது. காயைப் பிளந்தால் உள்ளே நெளிந்தது. மயிலம்மாள் தினமும் காலையில் தன் பாத்திக்கு ஓடிப்போய் ஒவ்வோர் இலையாகப் புரட்டினாள். வாடிய குருத்து மூன்றோ நாலோ இருந்தது, கிள்ளி எறிந்தாள். வெங்காய வாடை தூக்கலாக அடித்தது, சாமந்தியைச் சுற்றிக் குளவியும் வண்டும் பறந்தன. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அவளுக்கும் தெரியவில்லை.

போகிக்கு முந்தின நாள் அத்தாயி வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் பச்சமுத்து வண்டி நிறையச் சோளத்தட்டோடு.

"கூடை ரொம்பீருச்சுங்க அக்கா," என்றாள் மயிலம்மாள்.

"ஊரெல்லாம் சொத்தை, உனக்கு மட்டும் தங்கமா காச்சிருக்குமாக்கும்?" அத்தாயி ஒரு காயை எடுத்துப் பிட்டாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றைப் பிட்டாள். அதுவும் சுத்தம். புழுவைக் கண்டுபிடித்தே தீருவேன் என்பதுபோல ஏழு காயைப் பிட்டுப் போட்டாள்.

எட்டாவது காயை எடுத்தவள் கூடையிலேயே திரும்ப வைத்தாள். பாத்திக்குள் குனிந்து, கத்திரிக்கும் வெங்காயத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். வெங்காயத் தாளைக் கிள்ளி மோந்தாள், சாமந்தியில் உட்கார்ந்த குளவியையும் பார்த்தாள்.

"வண்டியத் திருப்புங்க," என்றாள் புருஷனிடம். "போரு எங்காச்சும் கெடக்கட்டும்."

மயிலம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அழுவறதெல்லாம் அப்பறம். எங்க காட்டுல பாதிக்குப் பாதி செத்துக் கெடக்குது. எந்தக் குழியில எதை வெக்கறதுன்னு வந்து காட்டு."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் தறியிலிருந்து அவள் புருஷன் மருதாசலம் கத்தினார். "மயிலு! நூல் சுத்துன தார் தீந்துபோச்சு, எங்க போயிட்டே?"

"காட்டு வேலை இருக்குதுங்க!" என்று கத்திவிட்டு, நடுவதற்கு ஒரு கூடை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு மயிலம்மாள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.