அரைநாள் கல்யாணத்தில் அண்ணனுக்கு ஒரு வேலை

திருவனந்தபுரத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுப்பதில்லை. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் துணிக்கிடங்கில் என்னோடு இருக்கும் ஷைலஜா, கல்யாண நாளிலும் காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார். வார்டுகளுக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகளை எண்ணிக் கட்டுவார். பதினொன்றேகாலுக்கு முகம் கழுவி, பையில் மடித்து வைத்திருக்கும் பட்டுச்சேலைக்கு மாறி, "ஒரு கல்யாணம் உண்டு கேட்டோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஒன்றரைக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தலையணை உறைகளை எண்ணத் தொடங்குவார். இடையில் எங்கோ ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறியிருக்கும், சத்யா என்னும் இலை விருந்து முடிந்திருக்கும், ஷைலஜா கையில் பாயச வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் களக்காட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது இது எனக்குத் தெரியாது. என் கணவர் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் தோசை மாஸ்டர். நான் வேலையில் சேர்ந்த நான்காம் மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தக்கால், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு என்று நான்கு நாள் கணக்குப் போட்டு, காரணம் எழுதாமல் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு வேகமாக ஏதோ கேட்டார். "ஆரா" என்பது மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. "எங்க பெரியப்பா மக சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்து, நான்கை ஏழாகத் திருத்திக் கையெழுத்திட்டார். ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் ஷைலஜா விளக்கினார். நான்கு நாள் என்றதும் யார் இறந்தது என்று கேட்டிருக்கிறார் அவர். செத்தவளின் தங்கை மருதாணிக் கையோடு வேலைக்கு வந்து நிற்பதைக் கிடங்கே வேடிக்கை பார்த்தது. அன்றைய நாட்குறிப்பில் இதை முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

என் மகள் ரம்யா இந்த ஊரில் பிறந்தவள், அவள் தமிழில் பாதி மலையாளம். சென்ற ஆண்டு எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில் இருந்தபோது, ஒரு மாலை அப்பாவையும் என்னையும் சேர்த்து உட்காரவைத்தாள்.

"ஒரு காரியம் சொல்லணும். பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க. நானும் அனூப்பும் ஆகஸ்டில கல்யாணம் கழிக்கப் போறோம்."

அனூப் அவளுடைய வகுப்புத் தோழன், நெடுமங்காட்டுப் பையன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுகிறவன் என்பதால் ஆள் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. "படிப்பு?" என்றேன் நான். "வைவா பரீட்சை முடிஞ்சு மூணாம் நாள் கல்யாணம்" என்றாள். இருவருக்கும் புனேயில் ஒரே இடத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் சேரவேண்டும். கல்யாணமானவர்களுக்கு அங்கே ஓர் அறையும் சமையலறையும் உள்ள தனி வீடு தருகிறார்கள்.

"அதுக்குள்ள எப்படிம்மா? நாங்க இன்னும் ஒண்ணுமே சேத்து வைக்கலையே" என்றார் அவள் அப்பா.

"அதான்ப்பா. நீங்க சேர்க்கத் தொடங்கும் முன்னே முடிச்சிரலாம்னுதான். ஜோலி கிடைச்ச பின்னே வச்சா கல்யாணத்துக்கு ஆடிட்டோரியம் எதுன்னு கேப்பாங்க. படிக்கும்போ வச்சா, பாவம் பிள்ளைங்கன்னு விட்டிருவாங்க. அல்லே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நாட்குறிப்பைத் தேடினேன்.

அடுத்த ஆறு வாரங்களில் அவள் வேலை செய்த விதத்தைப் பெருமையில்லாமல் எழுத என்னால் முடியாது. ஆய்வுக்கூடத்தில் பழகிய ஒழுங்கைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தாள். அரைநாள், ஒருவேளைச் சாப்பாடு, நூற்றிருபது பேர். சீர், மொய், பரிசு எதுவும் கிடையாது. கரமனையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் வாசகசாலையைக் கேட்டு வாங்கினாள். மாடிக் கூடத்தில் தாலி, கீழே கொட்டகையில் சாப்பாடு. கொட்டகையில் எத்தனை இலை விழும் என்று செய்தித்தாள்களை இலை அளவுக்கு வெட்டி விரித்துப் பார்த்து, மூன்று பந்தி என்று முடிவு செய்தாள். கணவரின் ஹோட்டலில் சமைக்கும் நண்பர் விருந்துக்குப் பொறுப்பேற்றார். பரிமாறுவதற்கு வெளியாட்கள் வேண்டாம், வகுப்புத் தோழர்களே பரிமாறுவார்கள் என்றாள். இங்கே அது பழக்கம்தான். அனூப்பின் அம்மா அங்கன்வாடி டீச்சர். "பிள்ளேரு பறயுன்னது சரியா. நமுக்கு ஒரு நேரத்தெ சோறு மதி" என்று, பிள்ளைகள் சொல்வது சரி, ஒருவேளைச் சோறு போதும் என ஒரே மூச்சில் சம்மதித்துவிட்டார். ஊரில் என் கல்யாணத்தின்போது சம்பந்தம் பேசுவதற்கு மட்டுமே ஐந்து தடவை உட்கார்ந்தார்கள்.

என் பங்கு, வேலைப் பட்டியல். நீளத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முப்பத்து நான்கு வரிசை எழுதினேன். யார், என்ன வேலை, எத்தனை மணிக்கு. செருப்பு அடுக்குவது முதல் கைகழுவும் இடத்தில் துண்டு வைப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. பந்திக்கு ரம்யாவின் தோழன் ஜித்தின். என் அண்ணன் பெயருக்கு நேரே, "விருந்தினர். முதல் வரிசை நாற்காலி. எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று எழுதினேன். நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். அப்பா இறந்தபின் என் கல்யாணத்தை இழுத்து முடித்தவர் அவர்தான். அன்று பந்தல் முதல் பாத்திரம் வரை அவர் தோளில்தான் வந்தது. என் மகள் கல்யாணத்திலாவது அவர் உட்காரட்டும் என்று நினைத்தேன். பட்டியலைப் படம் எடுத்து எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். முப்பத்து மூன்று பேர் பதில் அனுப்பினார்கள்.

அண்ணனிடமிருந்து மட்டும் இல்லை. நீலக்குறி இரண்டும் விழுந்திருந்தன, படித்துவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை. "அண்ணன், பதில் இல்லை" என்று ஒன்பது நாள் நாட்குறிப்பில் எழுதினேன். அம்மாவும் இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் வீடுதான். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் ரம்யா மணவறையில் உட்காருவாள் என்றால், களக்காட்டில் எனக்கு இனி வீடில்லை என்று அர்த்தம். பத்தாம் நாள் மதினி போனை எடுத்தார்.

"அவுக வரல தாயி."

"ஏன் மதினி, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்பு கல்லு மாரி இருக்கு. ஒந் தாள எடுத்துப் பாரு. ஊரான் பிள்ளை அத்தன பேருக்கும் வேலை போட்டிருக்க. தாய்மாமனுக்கு நாக்காலி போட்டிருக்க."

தாளை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக ஷைலஜாக்களின் கல்யாணங்களுக்கு விருந்தினராகப் போய்ப் போய், உட்காரவைப்பதுதான் மரியாதை என்று நானும் நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் அந்நியன். ஊர் ஆட்கள் முன்னால், என் சொந்த அண்ணனை அந்நியன் என்று ஸ்கேல் வைத்து எழுதி அனுப்பியிருந்தேன்.

ரம்யாவிடம் சொன்னபோது அவள் வைவாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை போவோம்" என்றாள். நாகர்கோவில் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழி முழுக்க அவள் மடியில் புத்தகமும் என் மடியில் வெற்றிலை பாக்குத் தட்டும் இருந்தன. முதலிலேயே இந்தத் தட்டோடு நான் போயிருக்கவேண்டும்.

வீட்டு வாசலில் அண்ணன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

"வாங்க, வாங்க" என்றார். என்னை வாழ்நாளில் அவர் 'வாங்க' என்று அழைத்ததில்லை. உள்ளே திரும்பி மதினியிடம், "திருவனந்தபுரத்துக்காரவுக வந்திருக்காக. நாக்காலி எடுத்துப் போடு. மொத வரிசையா பாத்துப் போடு" என்றார்.

நான் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். ரம்யா நேராகப் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாக்காலி வேண்டாம் மாமா. நான் வேலைக்கு ஆள் எடுக்க வந்தேன்."

"இங்க என்ன ஆளு இருக்கு? எல்லாம் கெழடு."

"பந்திக்கு ஆள் வேணும்."

"அதான் சித்தினோ பித்தனோ ஒருத்தன் பாக்கான்னு போட்டிருக்கியள?"

"ஜித்தின் கேப்டன். உங்களுக்கு ட்ரெயினிங் குடுப்பான்."

"எனக்கா?" அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நூறு பந்தி விசாரிச்சவன்ட்டி நான்."

"நூறும் இங்க. எங்க ஊர்ல சோறு முதல்ல வராது மாமா."

"சோறு வராம எவன் உக்காந்திருப்பான்?"

"இருபது கறி வர வரைக்கும் உக்காந்திருப்பான்."

அவள் 'எங்க ஊர்' என்றதை நான் கவனித்தேன். அண்ணனும் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "சீரு?" என்று கேட்டார்.

"ரூல் ரூல்தான் மாமா. நீங்க ஒரு பவுன் கொண்டுவந்தா அனூப்போட மாமன் ரெண்டு கொண்டுவரணும். அவரு ரப்பர் தோட்டத்துல கூலிக்குப் பால் வெட்டப் போறவரு."

"அப்ப என்னக் கைய வீசிட்டு வரச் சொல்லுதியா?"

"கைய வீசிட்டு வாங்க. திரும்பிப் போகும்போ கை வலிக்கும்."

நான் பையிலிருந்து தாளையும் ஸ்கேலையும் எடுத்தேன். 'விருந்தினர்' என்பதை அடித்துவிட்டு 'பந்தி விசாரிப்பு' என்று எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன். "அந்தப் பய பேருக்கு மேல எழுது" என்றார். "அது நடக்காது மாமா" என்றாள் ரம்யா. அப்போதுதான் அண்ணன் சிரித்தார். "யாரு பிள்ள இது" என்று மதினியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மூன்று மணிக்கு வாசகசாலைக் கொட்டகையில் ஒத்திகை நடந்தது. ஆறு மாணவர்கள், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய என் அண்ணன். "மாமா, இடத்தேந்நு துடங்ஙணும். ஆத்யம் உப்பேரி, பின்னே அச்சாறு" என்று ஜித்தின் காலி இலையின் இடது ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டு, வறுவலுக்கும் ஊறுகாய்க்கும் இடம் காட்டினான். "லேய், நீ பொறக்கதுக்கு முன்ன நான் வாளி தூக்குனவன்" என்றார் அண்ணன். ஒன்றும் புரியாத ஜித்தின் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்றான். நான்காம் சுற்றில் அண்ணன் ஒரு தவறும் செய்யவில்லை.

மறுநாள் பதினொன்று ஐம்பதுக்குத் தாலி ஏறியது. அண்ணன் மாலையை எடுத்துக் கொடுத்து, ரம்யாவின் தலையில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் கீழே வந்தபோது முதல் பந்தி அவர் கையில் இருந்தது. மாணவர்கள் வாளியோடு ஓட, அண்ணன் ஒவ்வோர் இலை முன்னும் குனிந்து, "நல்லா சாப்பிடுங்க, கூச்சப்படாதிய" என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அரைமணி நேரத்தில் எழுந்து பழகியவர்கள் எழ முடியாமல் தவித்தார்கள். நேரமாகிவிட்டது என்று எழப்போன ஷைலஜாவின் இலையில் மறுபடி சோறு வைத்துவிட்டார். அன்று ஷைலஜா பதினைந்து நிமிடம் தாமதமாக வேலைக்குத் திரும்பினார். "ஏதா ஆ சேட்டன்? எந்தொரு ஸ்னேகமா!" என்று, யார் அந்த அண்ணன், என்ன அன்பு என வியந்து, அனூப் வீட்டுப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார். "என்றெ சேட்டனா", என் அண்ணன்தான், என்றேன். அந்த வாக்கியத்தை அவ்வளவு பெருமையோடு இதற்கு முன் எந்த மொழியிலும் நான் சொன்னதில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் அண்ணன் தடுமாறினார். என் கணவர் சுட்ட போளியை இலைக்கு ஒன்றாக வைத்துவிட்டு நகர்ந்தார். யாரும் தொடவில்லை. பிடிக்கவில்லையோ என்று அவர் முகம் வாடியது. ஜித்தின் ஓடிவந்து போளியின் மேலேயே பால் பாயசத்தை ஊற்ற, எல்லோரும் அதைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்கள். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். நம் ஊரில் போளியைத் தனியாகப் பிய்த்துத் தின்போம். "நல்ல போளியக் கொல பண்ணுதியளேடே" என்றார் அண்ணன். ஆனால் அடுத்த வாளியை அவரே வாங்கி ஊற்றினார்.

கடைசிப் பந்தியில் நானும் கணவரும் உட்கார்ந்தோம். பரிமாறுவதற்கு ஜித்தினை அண்ணன் விடவில்லை. வலது தோள்பட்டையை ஒருமுறை சுழற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் இலையில் போளியை வைத்தார். பாயசக் கரண்டியை நிறைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பிள்ள, ஒனக்கு எப்படி? மேல ஊத்தவா, தனியா விடவா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. பந்தி விசாரிக்கிறவருக்கு அது தெரிந்தாகவேண்டும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது. நான் போளியைச் சரிபாதியாகப் பிய்த்து, ஒரு துண்டை இலையின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"இதுல ஊத்துங்கண்ணே" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."