குறைசொல்லியின் ஆம்புலன்ஸ்

வண்டி பார்க்க வருகிறவரை முதலில் தரையில் படுக்க வைத்துவிடுவார். அதற்கென்றே ஒரு சாக்கை மடித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் தானும் மல்லாந்து, டார்ச்சை அடித்து, "அதோ பாருங்கண்ணே, அந்தக் குறுக்குச் சட்டம், பாதியைத் துரு தின்னுருச்சு. பிரேக் குழாய் ஒழுகுது. ரெண்டாவது கியர் விழாது. விழுந்தா எந்திரிக்காது" என்று ஆரம்பிப்பார். எழுந்து சட்டையைத் தட்டும்போது வந்தவருக்கு ஆசையில் பாதி உதிர்ந்திருக்கும். மிச்சத்தை வண்டிக்குள் ஏற்றி உதிர்ப்பார்.

தெருவில் அவருக்குக் குறைசொல்லி என்றுதான் பெயர். தொழில் டிங்கர் வேலை. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் இடித்தவனுக்கே இடித்த இடம் தெரியாது. ஆனால் பெயிண்டுக்கு முன், பட்டி பூசிய இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டு வண்டிக்காரருக்குக் காட்டிவிடுவார். "மறைக்கிறதுக்குத்தான் கூலி வாங்குறேன். பொய் சொல்றதுக்குத் தனியா யாரும் தரலியே" என்பார், சிரிக்காமல்.

விற்பனைக்கு நிற்பது ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ஆம்புலன்ஸ். உள்ளே மேலும் கீழுமாக நான்கு படுக்கைகள், பச்சை உடம்பில் வெளுத்துப்போன சிவப்புச் சிலுவை. சீர்படுத்தி ஓட்டலாம் என்று ஏலத்தில் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது பட்டறை நிற்கும் இடத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். புதிய பட்டறைக்கு முன்பணம் இந்த வண்டியில்தான் இருக்கிறது. விற்காவிட்டால் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவர் இன்னொருவன் பட்டறைக்குத் தினக்கூலியாகப் போவார்.

வண்டியோடு ஒரு பயணப் பதிவேடும் வந்தது. அதை அவர் வரி விடாமல் படித்திருக்கிறார். அந்த வண்டி போர்க்களத்தைக் கண்ணால் கண்டதில்லை. கர்னல் மனைவிக்குப் பல்வலி, ஒரு பயணம். கர்னல் வீட்டு அலமாரி, இரண்டு பயணம். கர்னலின் நாய்க்கு வயிறு சரியில்லை, போக வர மூன்று பயணம். சிப்பாய்கள் தலைகாட்டும் ஒரே பக்கத்தில், 'காய்ச்சல். நடந்து போகலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. "நாய்க்குப் படுக்கை. சிப்பாய்க்கு ரோடு" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஏறும். இறந்த சிப்பாய்க்குச் சிலை வைக்கிற அதே கைகள்தாம் உயிரோடு இருந்தவனை நடக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவை. சிலைக்குக் காய்ச்சல் வராது. அது ஒரு வசதி.

வியாழக்கிழமை, அவர் மனைவியின் தம்பி ஓர் ஓட்டல் முதலாளியைக் கூட்டி வந்தான். அவரை அழைக்கப் போகுமுன்பே சாக்கை ஒளித்து வைத்துவிட்டான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் தைச்சுக்குங்க."

"ஏன் மாப்ள, உள்ளதைச் சொன்னா என்ன?"

"உள்ளதைச் சொல்லித்தானே ஆறு வருஷமா உள்ளேயே நிக்குது!"

மனைவி சமாதானமாகச் சொன்னாள்: "என்னங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போதும்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னு சந்தோஷப்படுங்க."

முதலாளி தும்பைப்பூ நிறத்தில் உடுத்தியிருந்தார். இன்ஜினைப் பார்க்கவில்லை, அடியில் குனியவில்லை. பக்கவாட்டுத் தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது என்ன தம்பி?"

"குண்டு பாய்ஞ்சது சார்" என்றான் மைத்துனன், மூச்சு விடுகிற சுலபத்தில்.

முதலாளிக்கு உடம்பு சிலிர்த்தது. செருப்பைக் கழற்றினார். ஓட்டையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதை மட்டும் அடைச்சிராதீங்க. ஓட்டல் வாசல்ல நிறுத்தி, இதைச் சுத்தி லைட்டு போடுறேன். எத்தனை பேரு செத்திருப்பாங்க உள்ள?"

"கணக்கே இல்ல சார்."

"ரத்தக்கறை?"

"மூணாவது படுக்கையில இருக்கு சார்." அங்கே இருந்தது போன வருஷம் கொட்டிய சிவப்புப் பெயிண்ட்.

குறைசொல்லி தொண்டையை ஒருமுறை செருமினார். மனைவி பார்த்தாள். செருமலை விழுங்கிக்கொண்டார். சொன்ன விலைக்கு மேலேயே தருகிறேன் என்றார் முதலாளி. இப்படி ஒரு வண்டிக்குப் பேரம் பேசினால் பாவம் என்றும் சொன்னார். மைத்துனன் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினான். காலி செய்வதற்குக் கட்டி வைத்திருந்த மூட்டைமேல் அவள் மெல்ல உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது.

பணப்பையைத் திறந்த முதலாளி, மரியாதைக்காகக் குறைசொல்லி பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணுமே பேசலியே அண்ணே? குண்டு எந்தச் சண்டையில பட்டது?"

கேட்டுவிட்டார்.

"மாமா!" என்றான் மைத்துனன், பல்லைக் கடித்துக்கொண்டு.

குறைசொல்லி மனைவியை ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். முதலாளியின் லைட்டுக்குக் காத்திருந்த அந்த ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈர அட்டையில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே இழுத்ததும் பொலபொலவென்று பழுப்புத் துருத்தூள் கொட்டியது. பழையதன் பக்கத்தில் அதே அளவில், அதே விளிம்போடு இன்னொரு ஓட்டை.

பிறகு திருப்புளியைத் துடைத்து, முனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை முதலாளியிடம் நீட்டினார்.