ஜோசியக்காவும் கறுப்புக் கணுவும்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜோசியக்கா என்றால்தான் திரும்புவாள். ஜாதகமோ கைரேகையோ அவளுக்குத் தெரியாது, நம்பவும் மாட்டாள். அவளுடைய ஜோசியமெல்லாம் அக்குளைப் பற்றித்தான்.

மார்பில் புற்றுநோய் வந்தால் அது அடுத்து எட்டிப் பார்க்கும் இடம் அக்குள். அங்கே மொச்சைக்கொட்டை அளவில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கையில் புண் வந்தால் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அவைதான். ஆபரேஷன் நடக்கும்போதே முதல் ஒன்றிரண்டு கணுக்களை எடுத்துக் கீழே அனுப்புவார்கள். அவற்றை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது ஜோசியக்காவின் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது டாக்டரம்மா. எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிய வேண்டும், மேலே ஒருத்தி மயக்கத்தில் படுத்திருக்கிறாள் அல்லவா.

இருபத்திரண்டு வருஷம் இதையே செய்ததில், கையுறை போட்ட விரலால் ஓர் உருட்டு உருட்டினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். டாக்டரம்மா போட்ட சட்டம் ஒன்றுதான். மனசில் பட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதி இழுப்பறையில் போடலாம், தகட்டைப் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த திமிர்.

போன வருஷம் அவளுக்குப் போட்டியாக ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கட்டியின் அளவு, வயது, ஸ்கேன் படம் இவற்றைக் கொடுத்தால், கத்தி வைப்பதற்கு முன்பே பரவியிருக்க வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். ஜோசியக்கா அதற்கு டப்பா என்று பெயர் வைத்தாள்.

"தொட்டுப் பாக்காம சொல்றதெல்லாம் ஒரு சொல்லா?" என்று அதன் முகத்துக்கு நேராகவே கேட்பாள். டப்பா பதில் பேசாது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இந்த நிலையில்தான் அவள் நாத்தனாருக்கு மார்பில் கட்டி வந்தது. புருஷனின் தங்கை, முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரு வீட்டில் இருந்தால் கூரை தாங்காது என்பார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் சண்டை போட ஆள் வேண்டுமென்றாலும் இவளுக்கு அவள்தான் வேண்டும்.

"பரவியிருந்தா என்ன பண்ணுவாங்க அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அக்குள்ல இருக்கறத மொத்தமா வழிச்சு எடுத்துடுவாங்க. அப்புறம் சில பேருக்குக் கை வீங்கும், கனக்கும்."

"நாள் முழுக்கக் கையத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான என் பொழப்பு?" என்றாள் அவள். அன்றைக்கு அதற்குமேல் இருவரும் சண்டை போடவில்லை.

டப்பா பதினெட்டு சதவீதம் என்றது. ஜோசியக்கா அதை நாத்தனாரிடம் சொன்னாள், கூடவே டப்பாவைத் திட்டவும் செய்தாள்.

ஆபரேஷன் அன்று, "நீங்க வெளிய இருங்க, வேற ஆளைக் கூப்பிடறேன்" என்றார் டாக்டரம்மா.

"என் நாத்தனார் மேல நான்தான் கத்தி வைக்கணும், டாக்டர். இத்தனை வருஷ ஆசை" என்றாள் ஜோசியக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு கணுக்கள் வந்தன. முதலாவது சாது. இரண்டாவதை உருட்டியவள் மறுபடியும் உருட்டிப் பார்த்தாள். பெரிசு, கெட்டி. இப்படிப்பட்டது ஒருநாளும் நல்லதாக இருந்ததில்லை. சீட்டை எடுத்து, "பரவியிருக்கு" என்று எழுதி இழுப்பறையில் போட்டாள். வெட்டினால் உள்ளே கரியாகக் கறுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் மார்புப் புற்றில் அப்படி ஒரு கறுப்பை அவள் பார்த்ததே இல்லை. உறைய வைத்துச் சீவி, சாயமேற்றித் தகட்டை நீட்டினாள்.

டாக்டரம்மா குனிந்தவர் நிமிரவே இல்லை. தகட்டை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். ஜோசியக்கா கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க நாத்தனார் பச்சை குத்தியிருக்காங்களா?"

"அவளா? ஊசின்னா ஊரையே கூட்டுவா!"

"குத்தியிருக்காங்க. அந்த மைதான் கணுவுல போய்ச் சேந்து வீங்க வச்சிருக்கு. புத்து செல் ஒண்ணுகூட இல்லை. ரெண்டுலயும் இல்லை. மேல போன் போடுங்க."

அவள் எண்ணை அழுத்தினாள், மேலே எடுத்ததும் ரிசீவரை டாக்டரம்மாவிடம் நீட்டிவிட்டாள். டாக்டரம்மா வாங்கிப் பேசினார். அக்குளில் மேற்கொண்டு கை வைக்க வேண்டாம் என்று அவர் சொல்வதைக் கேட்டதும்தான் ஜோசியக்காவுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

சாயங்காலம் வார்டுக்குள் நுழைந்தவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"எப்பக் குத்தின?"

நாத்தனார் அரை மயக்கத்தில் விழித்தாள். "என்னது?"

"பச்சை! உன் நெறியே உன்னக் காட்டிக் குடுத்துடுச்சு."

"ஐயோ! கடை தொறந்த அன்னிக்கு அண்ணி. தோளுக்குப் பின்னாடி, சின்னதா ஒரு கத்தரிக்கோல். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க." பிறகு மெல்லக் கேட்டாள். "பரவலையா?"

"பரவலை. நான்தான் பரவியிருக்குன்னு எழுதித் தொலைச்சேன்."

"அப்ப அந்த டப்பா ஜெயிச்சுடுச்சா?"

"ஜெயிச்சுட்டுப் போகட்டும் சனியன்" என்று சொல்லும்போதே ஜோசியக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தோற்றுப் போனதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நாத்தனார் அவள் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை. வலியில் முகம் சுளித்தாலும், அண்ணியின் கன்னம்வரை அது வந்து சேர்ந்தது.

"கையக் கீழ வைடி" என்று அதட்டினாள் ஜோசியக்கா. அதட்டினாளே தவிர, கன்னத்தை நகர்த்தவில்லை.