நந்தியாவட்டை வேலியும் பக்கத்து வீட்டு மாத்தையாவும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவரும் அவருடைய மனைவியும். அவரை நாங்கள் மரியாதைக்கு மாத்தையா என்போம். இரண்டு வளவுக்கும் நடுவே அவர் வைத்த நந்தியாவட்டை வேலி ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்திருந்தது. எங்கள் பக்கம் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. கொடியில் போட்ட சேட்டுகள் பின்னேரமாகியும் காயாமல் புழுங்கி மணக்கும்.

என் கணவர் முதலில் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். விகாரைக்குப் பூ வேண்டும், வெட்ட முடியாது என்றார் மாத்தையா. அப்படியென்றால் எங்கள் முற்றத்தில் விழும் நிழலையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்றார் இவர். நீங்கள் சாமிக்குப் பறித்த பூவைத் திருப்பித் தாருங்கள், அள்ளுகிறேன் என்றார் அவர். இவருடைய அரைகுறைச் சிங்களமும் அவருடைய அரைகுறைத் தமிழும் ஞாயிறு தவறாமல் வேலிக்கு மேலால் பறந்தன. இந்தச் சண்டையில்தான் என் கணவருக்குச் சிங்களம் ஓரளவு சரளமானது.

ஒரு காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்து ஆமிக்காரர் வீடு வீடாக வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, நெடுத்த இளம் கோப்ரல் ஒருவன் வேலியருகே போய் நின்றான். இவ்வளவு உயரத்துக்கு வளர்த்து எதை மறைக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். என் கணவர் அடையாள அட்டையை மறுபடியும் எடுத்து நீட்டினார்.

அப்போது இலைகளை விலக்கிக்கொண்டு மாத்தையாவின் தலை வெளியே வந்தது. பாதி முகத்தில் சவர நுரை. அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான்:

“புத்தா, மகனே, வேலி என்ர. இந்த மனுசன் ஒரு வருசமா வெட்டு வெட்டெண்டு என்ர உயிரை வாங்கிறார். ஒளிக்க ஏதும் இருக்கிறவன் வேலியை வெட்டச் சொல்லுவானா?”

கோப்ரல் உடனே நம்பவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தான். இவர்கள் இரண்டு பேராலும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி கேட்க முடிவதில்லை என்று அவர் ஒரேயடியாக முறையிடத் தொடங்கவே, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டி, அந்த உயரத்துக்கு வெட்டச் சொல்லிவிட்டுப் போனான்.

பின்னேரம் மாத்தையா பெரிய கத்தரியோடு வந்தார். என் கணவருக்கு மனம் பொறுக்கவில்லை. கொஞ்சம் உயரமாகவே விடச் சொன்னார். ஏலாது, ஆமி சொன்னது நெஞ்சளவு என்று மாத்தையா வெட்டத் தொடங்கினார்.

“அவன் வளர்த்தி, நீங்கள் கட்டை, மாத்தையா. உங்கட நெஞ்சை வைச்சு அளக்காதேங்கோ,” என்றார் என் கணவர்.

மாத்தையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவரும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்டினார். முடிந்தபோது வேலி ஒரு முனையில் மாத்தையாவின் நெஞ்சளவும், மறுமுனையில் கோப்ரலின் நெஞ்சளவுமாகச் சரிந்து நின்றது. எது சரி என்று இருவரும் கதைத்துக்கொண்டே நின்றார்கள்.

நானும் மாத்தையாவின் மனைவியும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தோம். அவர் கணவன்மாரை ஒருமுறை பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.