பீம்ராவ் வெட்டாமல் விட்ட இடம்

திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் என் வீட்டுக்காரர் பீம்ராவ் வைத்திருந்த ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்குச் சிரிப்பு வரும். அப்போது அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. கும்மிடிப்பூண்டி வண்டி கடக்கும்வரை ரெக்கார்டிங் நின்றுவிடும்.

அது இரண்டாயிரத்து மூன்று. கேரம் போட்டியோ கடைத் திறப்போ, ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ரோபோ குரலில் விளம்பரம் பேசினால்தான் எங்கள் ஏரியாவில் கௌரவம். யார் குரல் என்று கேட்டால் இவர் கம்ப்யூட்டரைக் கைகாட்டுவார், வாயைத் திறக்கமாட்டார். திமிர் பிடித்த ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் மதி, நர்சரி டீச்சர். ஆண்டு விழாவில் பிள்ளைகளின் ரோபோ டான்ஸுக்குக் குரல் கேட்டு ஒரு மதியம் போனேன். கதவு திறந்திருந்தது. முதுகைக் காட்டியபடி மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"வ-வ-வணக்கம்."

பிறகு திரையில் தெரிந்த அலைக்கோட்டில் திக்கிய இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தார். வெட்டிய இடத்தில் குரல் குதித்தது. சாஃப்ட்வேர் சிந்தசைசரின் ஒரே சுருதி ரீங்காரத்தை அந்தப் பேச்சோடு கலந்ததும் அது ரோபோ குரலாகிவிட்டது, ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. ரோபோ மடமடவென்று வணக்கம் சொன்னது.

திரும்பி என்னைப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது.

"யா-யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்? ஆனா அத்த ஏன் வெட்டிக்கினு கீறீங்க? நல்லாத்தான கீது."

ஆண்டு விழா முடிந்தும் நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

வரவேற்பு எங்கள் தெருவிலேயே. இவர் கொடுத்த சிடியை மைக்செட் கஸ்பார் போட்டார். தெரு முழுக்க ரோபோ பேசியது.

"வ-வ-வணக்கம். இ-இன்னிக்கு எனக்கும் ம-ம-மதிக்கும் கண்ணாலம்."

கூட்டம் சிரித்தது. கஸ்பார் பதறிப்போய், "இன்னா நைனா, மிசினு புட்டுக்கிச்சா?" என்று கத்தினார்.

நாலு பேர் நடுவில் இவர் பேசி நான் பார்த்ததே இல்லை. மாலையோடு மேடையை விட்டு இறங்கிப்போய் கஸ்பாரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"மி-மிசினு நல்லாத்தான் கீதுண்ணா. பே-பேசுனது நான்."