விரலை எடுத்தால் நிற்கும் பெட்டிகள்

ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலையில் போர்டு ஓடினால் பெயர் இன்ஜினியருக்கு, ஓடாவிட்டால் பெயர் நமக்கு. ஈயப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் பெட்டி செய்துகொண்டிருந்தோம். மூன்றே பேர்: முதலாளி அண்ணாச்சி, புரோகிராம் எழுதும் சங்கரன் சார், சால்டர் வைக்கும் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த வேலை போனால் அடுத்து யார் கூப்பிடுவார்கள் என்ற கவலையோடுதான் தினமும் படியேறுவேன்.

விரல் வைத்தியம்

சாரிடம் எமுலேட்டர் என்று ஒரு கருவி இருந்தது. போர்டில் சிப் இருக்கவேண்டிய இடத்தில் அதன் வயரைச் செருகினால் அதுவே சிப் மாதிரி நடிக்கும். அதில் சாரின் புரோகிராம் ஜம்மென்று ஓடும். அதையே நிஜ சிப்பில் ஏற்றி வைத்தால் மூச்சுப்பேச்சு இருக்காது. "டிரை சால்டர்" என்பார். பற்று சரியில்லையாம். சிப்பின் நாற்பது கால்களையும் மூன்று தடவை திரும்பத் திரும்பப் பற்றவைத்தேன்.

நாலாவது தடவை என் விரல் தற்செயலாக கிரிஸ்டலின் காலில் பட்டது. சிப்புக்கு நாடித்துடிப்பு கொடுப்பது அதுதான். உடனே போர்டில் இருந்த விளக்கு எரிந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது. சார் தான் வரைந்த படத்தை விரித்துப் பார்த்தார். கிரிஸ்டலோடு துவரம்பருப்பு அளவில் இரண்டு கெப்பாசிட்டர் வரவேண்டும், விட்டிருக்கிறார். அவற்றின் வேலையைத்தான் என் விரல் பார்த்திருக்கிறது. எமுலேட்டருக்குத் துடிப்பு அதற்குள்ளேயே இருந்ததால் அங்கே தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று பார்த்தேன். அதற்குள் அண்ணாச்சி படியேறும் சத்தம் கேட்டது, சார் கிசுகிசுத்தார்.

"அக்கா, அண்ணாச்சி பாத்துட்டுப் போறவரைக்கும் விரலை எடுத்துராதீய."

மோட்டாருக்குப் பயந்த பெட்டி

மேசையில் மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டித்தான் சோதிப்போம். பல்பு அழகாக எரியும், அணையும். ஏரலில் ஒரு வாழைத்தோட்டத்தில் நிஜ மோட்டாரில் மாட்டினோம். மோட்டார் 'உர்' என்று கிளம்பியதும் கரண்டை மொத்தமாக இழுத்தது. சிப் மயங்கி விழுந்தது, மோட்டார் நின்றது. நின்றதும் சிப் எழுந்து மறுபடி மோட்டாரைப் போட்டது. டக், உர், டக், உர். சார் என்னைப் பார்த்தார். நான் வாழைமரத்தைப் பார்த்தேன். பம்ப்செட் வாசலில் நின்ற தோட்டக்காரர் நிதானமாகச் சொன்னார்.

"மோட்டார் ஓடாத நேரத்துல உங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது வே."

காயல்பட்டினத்து மொட்டைமாடி

ஏரல் பெட்டி திரும்பி வந்தது. சிப் மயங்காமல் கரண்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போட்டு அனுப்பினோம். ஆனாலும் அண்ணாச்சி, "இன்னொரு பெட்டி உன் சால்டரால நின்னா, நீ வேற இடம் பாத்துக்கம்மா" என்றுவிட்டார். அடுத்த வாரமே காயல்பட்டினத்திலிருந்து புகார்: மத்தியானமானால் பெட்டி நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் சவூதியில். அவர் மனைவி எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். கொளுத்தும் வெயில். தொட்டிப் பக்கத்தில் பெட்டி செத்துக் கிடந்தது.

என் பற்றுகளைப் பார்க்கக் குனிந்தேன். பெட்டி ஓடியது. நிமிர்ந்தேன், நின்றது. என் நிழல்! அந்த சிப்பின் தலையில், பழைய புரோகிராமை வெளிச்சம் காட்டி அழிப்பதற்கென்று ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே விளக்கு எரிவது தெரியட்டும் என்று அண்ணாச்சி போட்ட கண்ணாடி மூடி வழியாக வெயில் நேரே அதில் இறங்கியிருக்கிறது. எமுலேட்டருக்கு ஏது ஜன்னல்? கறுப்பு டேப் ஒட்டியதும் சரியாகிவிட்டது. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி நாங்கள் நிற்க, அந்தம்மா சிரித்தார்.

"அதுக்கு வெயில் ஆகாதுன்னு நான் தினமும் துண்டு போட்டு மூடுதேன், இன்னைக்கு நீங்க பாக்கணும்னு எடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன், நீங்க எங்க கேட்டீய?"

விசாரணை

திரும்பி வந்ததும் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யார் தப்பு?" சார் மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'டிரை சால்டர்' வரப்போகிறது என்று முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். "வெயில் தப்பு அண்ணாச்சி" என்றார் சார். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வெயிலை வேலைய விட்டு நிப்பாட்ட முடியாதுல்லா. அப்ப நீ நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா."

அதன்பிறகு எந்தப் பெட்டி நின்றாலும் சங்கரன் சார் முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார் என்பதே இந்தத் தொழிலில் நான் கண்ட பதவி உயர்வு.