அளவுகோலாக இருந்த ரத்தம்

1994 ஜனவரி 3: 6,900
பிப்ரவரி 1: 6,300
மார்ச் 1: 5,100
ஏப்ரல் 4: 4,000
ஏப்ரல் 15: 3,400
ஏப்ரல் 16: 6,800

இவை ஒருவருடைய ரத்தத்தின் வெள்ளணுக் கணக்கு; நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் இடையில் இருந்தால் சரி. பரிசோதனைக்கூடத்தை ஒற்றை ஆளாக நடத்திய லேப் அக்காதான் அவர். கடைசி நாளில் எண் ஏறியது உடம்பு தேறியதால் அல்ல, மெக்கானிக் இயந்திரத்தைத் திருத்தியதால்.

எண்ணும் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, நோயில்லாத ரத்தம் ஒன்று வேண்டும். கம்பெனி தந்த சோதனைத் திரவம் தீர்ந்ததும் அக்கா தன் விரலையே குத்திக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதுவரை காய்ச்சலென்று படுத்தறியாதவர். காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தபோதுகூட, குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சியைத்தான் திட்டினார். எண் இறங்க இறங்க இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம். மெக்கானிக்கும் அக்கா சொன்னபடி அளவை இரட்டிப்பாக்கிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19 காலை டாக்டர் போன் செய்தார்.

"என்னம்மா, அனுப்பற ஆளுக்கெல்லாம் பதினாலாயிரம்னு வருது? கிருமியெல்லாம் சேர்ந்து மாநாடு போடுதா?"

"இப்பதான் மெஷினைச் சரி பண்ணோம், டாக்டர்."

"அதுதான் கோளாறோ என்னவோ. கண்ணால எண்ணிப் பாரு."

சாப்பாடு கொண்டுவந்த கணவரை அக்கா உட்காரவைத்தார். "ஏங்க, விரலைக் கொடுங்க."

"கையையே கொடுத்தாச்சு, விரலுக்கென்ன கேள்வி?"

நுண்ணோக்கியில் எண்ணினால் கணவருக்கு 7,100. இயந்திரம் 14,200 என்றது. பிறகு அக்கா தன் ரத்தத்தை எண்ணினார். 3,300. மறுபடி எண்ணினார். அதே 3,300. கூடம் கோணல் என்று சுவரை இடித்துக் கட்டியாயிற்று. கோணலோ ஆடியவள் காலில்! அக்கா ரிப்போர்ட் நோட்டைப் புரட்டினார்.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் கணவர்.

"இருபத்திமூணு பேருக்கு ரிப்போர்ட் கொடுத்திருக்கேங்க."

மறுநாளுக்குள் இருபத்திரண்டு பேரைப் பிடித்து மறுபடி ரத்தம் எடுத்தாயிற்று. மிச்சம் ஒருவர், அளவுமீறிய தைராய்டு சுரப்பை அடக்க மாத்திரை சாப்பிடும் தையல்காரர். அந்த மாத்திரை சிலருக்கு வெள்ளணுவைக் குறைக்கும். குறைந்தால் உடனே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் சாதாரணத் தொண்டைவலியே உயிரைக் குடித்துவிடும். அவருக்குக் கொடுத்த எண் 4,600. உண்மையில் 2,300. "ரத்தம் நல்லா இருக்காம்" என்று சொல்லிக்கொண்டே அவர் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே போன் கிடையாது. அக்கா தந்தி அடித்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி ஒரு கடிதமும் போட்டார்.

பதில் வருமுன், ஏப்ரல் 29 அன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் அனுப்பியிருந்த அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

"வெள்ளணு காவல்காரன் மாதிரிம்மா," என்றார் டாக்டர். "உனக்கு அதுல ஒரு வகை தடம் மாறிடுச்சு. சொந்த உடம்பையே வெளியாள்னு நினைச்சு எதிர்ப்புப் பொருள் செஞ்சு அனுப்புது. அது மூட்டையும் தாக்குது, மத்த வெள்ளணுவையும் அழிக்குது."

"வேலியே பயிரை மேயுதுங்கறீங்க."

"மாத்திரையில அடக்கலாம். கேக்கறியா?"

அக்காவின் கண் வாசலில் இருந்தது. தபால்காரர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.

தையல்காரரின் மகள் எழுதிய கடிதம் பிறகுதான் வந்தது. தந்தி கிடைத்தபோது அப்பாவுக்குத் தொண்டை அடைத்து, உடம்பு அனலாய்க் கொதித்ததாம். தந்தியைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். அங்கே எண்ணியது 900. மாத்திரையை நிறுத்தி, பத்து நாள் ஊசி போட்டபின் இட்ட கஞ்சியை உப்பில்லை என்று ஏசினாராம். அக்கா அந்த வரியை மூன்று முறை படித்தார்.

கடிதம் வந்த நாள் 1994 மே 9, திங்கட்கிழமை.